எதிரில் நிற்பவரும் ஓர் அமானிதம்

(தற்காப்புக் கலைக் கூடத்தில் மரியாதையும் ஒழுக்கமும்)

க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு

கராத்தே, ஜூடோ என்ற சொற்களைக் கேட்டதும் எம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றுவது அடியும் உதையும்தான். திரைப்படங்கள் எமக்கு அப்படித்தான் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு பயிற்சிக் கூடத்தின் வாசலில் அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். மாணவர்கள் வரிசையாக அமர்கிறார்கள். ஆசிரியருக்கு மரியாதை செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் மரியாதை செய்கிறார்கள். பிந்தி வந்தவர் ஓரத்தில் காத்திருக்கிறார். ஓர் உதைக்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஒழுங்குகள் இருப்பதைக் காண்பீர்கள்.

இதைப் பார்த்து மகிழும் பெற்றோர் இருக்கிறார்கள். "பிள்ளைக்கு ஒழுக்கம் வரும்" என்பது அவர்களது நம்பிக்கை. தயங்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். "குனிவது எமது மார்க்கத்துக்குச் சரியா? மாஸ்டர் சொன்னதையெல்லாம் பிள்ளை கேட்க வேண்டுமா?" என்பது அவர்களது கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. தரம் 9 முதல் கராத்தே பழகி வருபவள் என்ற வகையில், இந்த ஒழுங்குகள் எங்கிருந்து வந்தன, எதற்காக இருக்கின்றன என்பதை நான் வாசித்தும் பழகியும் அறிந்த அளவில் இங்கே விளக்க முயல்கிறேன்.

டோஜோ என்னும் இடம்

கராத்தே, ஜூடோ முதலிய ஜப்பானியக் கலைகள் பயிலும் கூடத்துக்கு 'டோஜோ' என்று பெயர். 'டோ' என்றால் வழி, 'ஜோ' என்றால் இடம். அதாவது, ஒரு வழியைப் பயிலும் இடம். இச்சொல் முதலில் பௌத்த மத வழக்கில் இருந்து, பிற்காலத்தில் போர்க்கலைகள் பயிலும் இடத்துக்கும் வழங்கலாயிற்று. இன்று உலகெங்கும் அது பயிற்சிக் கூடம் என்ற பொருளிலேயே பயன்படுகிறது.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1860 ஆம் ஆண்டு பிறந்தவர். சிறிய உடல் கொண்ட அவர் பாடசாலைக் காலத்தில் பலசாலி மாணவர்களால் துன்புறுத்தப்பட்டார். தன்னைக் காத்துக்கொள்வதற்காக ஜுஜுட்சு என்னும் பழைய கலையைத் தேடிச் சென்று கற்றார். பின்னர் அதிலிருந்த ஆபத்தான பகுதிகளை நீக்கி, எஞ்சியதை ஒழுங்குபடுத்தி, 1882 இல் டோக்கியோவிலிருந்த ஒரு கோயிலின் இடத்தில் 12 பாய்கள் விரித்துத் தமது கூடத்தை ஆரம்பித்தார். அதுவே கொடோகான். தொடக்கத்தில் அங்கே சேர்ந்தவர்கள் 9 பேர் மட்டுமே.

கானோ தொழிலால் ஒரு கல்வியாளர். ஆசிரியர்களைப் பயிற்றும் டோக்கியோ உயர் கல்லூரியின் அதிபராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஜூடோவுக்கு அவர் இரண்டு கொள்கைகளை வகுத்தார். ஒன்று, உடலினதும் உள்ளத்தினதும் ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துவது. மற்றையது, நானும் பிறரும் சேர்ந்து உயர்வது. ஒருவரை ஒருவர் தூக்கி எறியும் கலைக்கு 'சேர்ந்து உயர்வது' எப்படிக் கொள்கையாக முடியும்? என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

கராத்தேயின் கதையும் இதைப் போன்றதே. ஒக்கினாவாத் தீவில் 1868 இல் பிறந்த கிச்சின் ஃபுனாகோஷி ஒரு பாடசாலை ஆசிரியர். 1922 இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயை அறிமுகப்படுத்திய அவர், மாணவர்களுக்காக 20 நெறிகளை எழுதினார். அவற்றுள் முதலாவது அடியைப் பற்றியதோ உதையைப் பற்றியதோ அல்ல, மரியாதையைப் பற்றியது. ஜப்பானிய மொழியில் அதற்கு 'ரெய்' என்று பெயர். குனிந்து செய்யும் வணக்கத்தையும் 'ரெய்' என்பார்கள், அதற்குள் இருக்கும் மரியாதை உணர்வையும் 'ரெய்' என்பார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது எமக்குத் தேவைப்படும்.

ஏன் இவ்வளவு ஒழுங்கு?

கிரிக்கெட் பழகும்போது மட்டை பந்தை அடிக்கிறது. வலைப்பந்தில் பந்து கூடைக்குப் போகிறது. தற்காப்புக் கலையில் நாம் பழகுவது இன்னொரு மனிதரின் உடலில். என் தோழியின் கையைத் திருகித்தான் திருகும் முறையை நான் கற்க முடியும். அவளது முகத்துக்கு நேரே குத்தைச் செலுத்தித்தான் தூரத்தை அளக்கக் கற்க முடியும். அதற்காக அவள் தன் உடலை என்னிடம் தருகிறாள். அடுத்த நிமிடம் என் உடலை நான் அவளிடம் தருகிறேன்.

எமது வழக்கில் இதற்கு மிகப் பொருத்தமான ஒரு சொல் உண்டு: அமானிதம். நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பாதுகாத்து, பெற்றபடியே திருப்பிக் கொடுப்பது. அயல் வீட்டார் தந்துவிட்டுப் போன நகையை எப்படிப் பார்த்துக்கொள்வோமோ, அப்படியே எதிரில் நிற்பவரின் கையையும் கழுத்தையும் முழங்காலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். டோஜோவின் விதிகள் அனைத்தும் இந்த அமானிதத்தைக் காப்பதற்காகப் போடப்பட்ட வேலிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேலி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜூடோவின் தாய்நாடே சான்று. ஜப்பானியப் பாடசாலைகளில் 1983 முதல் ஏறத்தாழ மூன்று தசாப்தங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோ பயிற்சியில் உயிரிழந்திருப்பது ஆய்வுகளில் வெளிவந்தது. பலரின் மரணத்துக்குத் தலையில் ஏற்பட்ட காயமே காரணம். அவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள். 2012 இல் அந்நாட்டின் இடைநிலைப் பாடசாலைகளில் போர்க்கலைகள் கட்டாய பாடமாக்கப்பட்டபோது பெற்றோர் கவலை தெரிவித்ததற்கு இதுவே காரணம்.

இதனால்தான் முறையான ஜூடோ வகுப்பில் முதலில் எறியக் கற்றுத்தருவதில்லை, விழக் கற்றுத்தருகிறார்கள். 'உகெமி' என்பது அதன் பெயர். நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்து, கையால் பாயை அறைந்து விழும் முறை அது. எறிபவருக்கும் ஒரு கடமை உண்டு. எறிந்த பின்னும் எதிராளியின் சட்டைக் கையை விடாமல் மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் விழுபவரின் தலை தரையில் மோதாது. வீழ்த்தும் அதே கை தாங்கவும் வேண்டும் என்பது எவ்வளவு அழகான ஒழுங்கு!

சிறு விதிகள், பெரிய காரணங்கள்

புதிய மாணவிக்குச் சில விதிகள் வீண் கெடுபிடியாகத் தோன்றலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நகம் வெட்டியிருக்க வேண்டும். சட்டையைப் பிடிக்கும்போது நீண்ட நகம் எதிராளியின் தோலைக் கீறும், எமது நகமும் பிய்ந்துபோகும். மோதிரம், வளையல், தோடு, சங்கிலி எதுவும் கூடாது. தோட்டில் விரல் மாட்டினால் காது கிழியும். தலைமுடியை உலோகக் கிளிப் இல்லாமல் கட்ட வேண்டும். ஹிஜாப் அணியும் நாம் குண்டூசியைத் தவிர்த்து, தலையோடு பொருந்திய, ஊசி தேவைப்படாத துணியை அணிவதும் இதே காரணத்துக்காகத்தான்.

உடுப்புத் துவைத்ததாக இருக்க வேண்டும். ஒருவர் மீது ஒருவர் சாய்ந்து பழகும் கலையில் அழுக்கு உடுப்பு அடுத்தவருக்குச் செய்யும் அவமரியாதை, தோல் நோய் பரவவும் அது வழி. செருப்பைப் பாயின் ஓரத்தில் கழற்றி ஒழுங்காக வைக்க வேண்டும். முகம் படும் இடத்தில் தெருவின் மண் படக்கூடாது. பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து பழகிய எமக்கு இது புதிதல்ல. பல டோஜோக்களில் பயிற்சி முடிந்ததும் மாணவர்களே தரையைத் துடைக்கிறார்கள். கறுப்புப் பட்டிக்காரரும் துடைப்பார், வெள்ளைப் பட்டிக்காரரும் துடைப்பார்.

பிந்தி வந்தால் நேரே வரிசைக்குள் புகக்கூடாது. ஓரத்தில் நின்று, ஆசிரியர் கண்டு அனுமதித்த பின்னரே சேர வேண்டும். நடுவில் வெளியேறுவதானாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இது ஆசிரியரின் பெருமைக்காக அல்ல. சுழன்று உதைக்கும் ஒருவரின் பின்னால் யாரும் எதிர்பாராமல் நடந்து போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், யாருக்கு மயக்கம், யாருக்குக் காயம் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சி நடக்கும்போது வீண் பேச்சும் சிரிப்பும் கூடாது. "நிறுத்து" என்ற கட்டளை கேட்கவில்லை என்றால் அடுத்த அடி யார் மீதாவது விழும்.

ஆசிரியரை 'சென்செய்' என்று அழைக்கிறார்கள். 'முன்னர் பிறந்தவர்' என்பது அதன் நேர்ப்பொருள். எமக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர் என்று கொள்ளலாம். முன்பே சேர்ந்த மாணவர் 'சென்பாய்'. எமது வகுப்பில் சிறிய பிள்ளைகளுக்கு 'சென்பாய்' என்று சொல்ல வராது, "தாத்தா, இந்தப் பட்டியைக் கட்டித் தாங்கோ" என்று வந்து நிற்பார்கள். மூத்த மாணவியை வீட்டு மூத்தவளாகப் பார்க்கும் அந்த அழைப்பில் 'சென்பாய்' என்ற சொல்லின் பொருள் முழுவதும் இருக்கிறது. மூத்தவளின் உரிமை முன் வரிசையில் நிற்பது. கடமையோ இளையவளின் பட்டியைக் கட்டிவிடுவது, அவளது பலத்துக்கு ஏற்பத் தன் பலத்தைக் குறைத்துக்கொள்வது.

இரண்டு தட்டு

ஜூடோவில் கழுத்தை நெரிக்கும் பிடிகளும் முழங்கையைப் பூட்டும் பிடிகளும் உண்டு. அவற்றைத் தாங்க முடியாதபோது, பிடிபட்டவர் எதிராளியின் உடலிலோ பாயிலோ இரண்டு முறை தட்டுவார். அல்லது 'மைத்தா' என்பார். 'தோற்றேன்' என்பது அதன் கருத்து. தட்டிய அந்தக் கணமே பிடியை விட்டுவிட வேண்டும். "இன்னும் ஒரு நொடி பிடித்துப் பார்ப்போம்" என்பதற்கு அங்கே இடமில்லை.

என்னைப் பொறுத்தவரையில் டோஜோவின் மிகப் பெரிய மரியாதை இந்த இரண்டு தட்டில்தான் இருக்கிறது. தட்டுபவர் தன் தோல்வியை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறார். விடுபவர் தன் வெற்றியை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்கிறார். போதும் என்று ஒருவர் சொன்னதும் மற்றவர் நிறுத்துவார் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் நாளையும் அதே இருவரும் சேர்ந்து பழக முடிகிறது. இந்த நம்பிக்கை வகுப்பறையிலும் நட்பிலும் குடும்பத்திலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

தங்கப் பதக்கத்தை விடப் பெரியது

போட்டி என்று வந்துவிட்டால் இந்த ஒழுங்குகள் நிலைக்குமா? இரண்டு ஒலிம்பிக் இறுதிப் போட்டிகளைப் பார்ப்போம்.

டோக்கியோ 2020 ஒலிம்பிக் போட்டி 2021 இல் நடைபெற்றது. 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கான கராத்தே இறுதிப் போட்டியில் சவூதி அரேபியாவின் தாரிக் ஹாமிதியும் ஈரானின் ஸஜ்ஜாத் கன்ஜ்ஸாதேயும் மோதினர். ஹாமிதி 4-1 என முன்னிலையில் இருந்தார். சவூதி அரேபியாவின் முதலாவது ஒலிம்பிக் தங்கம் அவரது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்போது அவர் உதைத்த உதை எதிராளியின் தலைப்பகுதியில் பலமாகப் பட, கன்ஜ்ஸாதே நினைவிழந்து வீழ்ந்தார். தூக்குப் படுக்கையில் கொண்டுசெல்லப்பட்டார்.

குத்துச்சண்டையாக இருந்திருந்தால் அதோடு ஹாமிதி வென்றிருப்பார். ஆனால் இந்தக் கராத்தேப் போட்டியின் விதி வேறு. அடி இலக்கை அடைய வேண்டும், ஆயினும் காயப்படுத்தாமல் கட்டுப்பாட்டோடு நிற்க வேண்டும். அளவுக்கு மீறிய தாக்குதல் எனத் தீர்ப்பளித்த நடுவர்கள் ஹாமிதியைத் தகுதிநீக்கம் செய்தனர். நினைவிழந்து வீழ்ந்தவருக்குத் தங்கமும், வீழ்த்தியவருக்கு வெள்ளியும் கிடைத்தன. கடுமையான தீர்ப்பு என்று வாதிட்டவர்கள் பலர். ஹாமிதி வேண்டுமென்றே செய்தார் என்று எவரும் சொல்ல முடியாது. எனினும், நிறுத்தத் தெரியாத பலம் திறமையாகக் கணக்கிடப்படாது என்ற கராத்தேயின் அடிப்படையை உலகமே அன்று கண்டது.

மற்றையது 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டி. ஜூடோவின் எடைப்பிரிவற்ற இறுதிப் போட்டியில் எகிப்தின் முஹம்மத் அலி ரஷ்வான், ஜப்பானின் யசுஹிரோ யமஷிதாவை எதிர்கொண்டார். யமஷிதாவின் வலது காலில் முந்திய சுற்றொன்றில் காயம் ஏற்பட்டிருந்தது. அவர் நொண்டி நடப்பதை அரங்கமே பார்த்தது. போட்டியில் யமஷிதா வென்றார், ரஷ்வானுக்கு வெள்ளி. காயப்பட்ட காலைத் தான் குறிவைக்க விரும்பவில்லை என்று ரஷ்வான் பின்னர் கூறியது உலகெங்கும் பேசப்பட்டது. நேர்மையான விளையாட்டுக்கான சர்வதேச விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2019 இல் ஜப்பானிய அரசும் தனது உதய சூரிய விருதை அளித்து அவரைக் கௌரவித்தது. வென்றவரின் நாடே, தோற்றவரை முப்பத்தைந்து வருடங்களுக்குப் பின்னரும் நினைவில் வைத்திருந்தது.

மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் பலசாலி அல்லர், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவரே பலசாலி என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். அந்தப் போதனையைச் சொல்லிக் காட்டுவது எளிது. மூக்கில் ஓர் அடி பட்டுக் கண்ணில் நீர் வழியும் நேரத்தில் அதன்படி நடப்பதற்கு டோஜோ போன்ற ஓர் இடம் வேண்டும்.

குனிவது பற்றி

இனி, எமது பெற்றோர் பலரின் மனதில் உள்ள கேள்விக்கு வருவோம். ஜப்பானியர் சந்தித்தால் கைகொடுப்பதற்குப் பதிலாகக் குனிகிறார்கள். கடையிலும் அலுவலகத்திலும் வீதியிலும் அப்படித்தான். டோஜோவில் நின்றபடி செய்யும் வணக்கம், முழந்தாளிட்டு அமர்ந்து செய்யும் வணக்கம் என இரண்டு வகை உண்டு. ஆசிரியருக்கும், பயிற்சித் துணைக்கும், கூடத்துக்கும் அதைச் செய்வார்கள். கூடத்தின் முன்பக்கத்தில் கலையை நிறுவியவரின் படம் இருப்பது வழக்கம். ஜப்பானிலுள்ள சில டோஜோக்களில் ஷின்டோ மதத்தின் சிறிய வழிபாட்டுத் தட்டும் இருக்கும்.

ஜப்பானியருக்கு இது பெரும்பாலும் பண்பாட்டு வழக்கம். எமக்கோ ருகூவும் ஸுஜூதும் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியவை. ஒருவர் தன் சகோதரரைச் சந்திக்கும்போது குனியலாமா என்று கேட்கப்பட்டதற்கு நபி (ஸல்) அவர்கள் கூடாது என்றதாகவும், கைலாகு கொடுக்க அனுமதித்ததாகவும் திர்மிதியில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. எனவே இந்தத் தயக்கத்தை "பழைய காலத்து எண்ணம்" என்று ஒதுக்கிவிட முடியாது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது மாணவியாகிய என் வேலையல்ல, அதை ஆலிம்களிடம் கேட்பதே முறை. நான் சொல்லக்கூடியது டோஜோவின் பக்கத்திலிருந்து ஒரு விடயம் மட்டுமே.

'ரெய்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் என்று மேலே கூறினேன். குனிவது அதன் அடையாளம். எதிரில் நிற்பவரைப் பேணுவது அதன் உள்ளடக்கம். அடையாளத்தை மாற்றிக்கொண்டும் உள்ளடக்கத்தைக் காக்க முடியும். நேராக நின்று, கண்ணைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து மரியாதை தெரிவிக்கலாம். மாறாக, நன்றாகக் குனிந்து நிமிர்ந்துவிட்டு, தட்டிய பின்னும் பிடியை விடாத ஒருவரிடம் உள்ளடக்கம் இல்லை. எமது வகுப்பில் சேரும்போதே இதைப் பேசித் தீர்த்துக்கொண்டோம். படம் எதுவும் வைப்பதில்லை. நிமிர்ந்து நின்று ஸலாம் சொல்லித் தொடங்குகிறோம், ஸலாம் சொல்லி முடிக்கிறோம். சகோதர இன மாணவிகள் தமது முறைப்படி செய்கிறார்கள். இதனால் எவரது அடியும் பலவீனமாகவில்லை, எவரது மரியாதையும் குறையவில்லை. முக்கியமானது, முதல் நாளிலேயே பணிவாகக் கேட்டுக்கொள்வது. வரிசையில் நின்றுகொண்டு திடீரென்று மறுப்பது எவருக்கும் நல்லதல்ல.

உலக அளவிலும் இப்படி இடம் கொடுத்த நிகழ்வு உண்டு. 2012 இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்கு வந்த சவூதி அரேபிய ஜூடோ வீராங்கனை வுஜ்தான் ஷஹர்கானிக்கு அப்போது வயது 16. அவரும் ஓட்ட வீராங்கனை சாரா அத்தாரும்தான் அந்நாட்டிலிருந்து ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதற் பெண்கள். கழுத்தைப் பிடிக்கும் விளையாட்டில் ஹிஜாப் ஆபத்து என்று ஜூடோ சம்மேளனம் முதலில் மறுத்தது. பேச்சுவார்த்தைக்குப் பின், தலையோடு ஒட்டிய தொப்பி போன்ற ஒரு மறைப்புக்கு இணக்கம் காணப்பட்டது. அவரது போட்டி 82 விநாடிகளில் தோல்வியில் முடிந்தது. ஆனால் பாதுகாப்பு என்ற ஒரு தரப்பின் நியாயமும், நம்பிக்கை என்ற மறு தரப்பின் நியாயமும் ஒரே பாயில் நிற்க முடியும் என்பது அங்கே நிரூபணமாயிற்று.

மரியாதை வேறு, பயம் வேறு

"மாஸ்டர் சொன்னதையெல்லாம் கேட்க வேண்டுமா?" என்ற மற்றைய கேள்வி இதைவிட முக்கியமானது. மரியாதை என்ற பெயரில் வாயை மூடவைக்கும் பழக்கம் தற்காப்புக் கலைக் கூடங்களிலும் புகுந்ததுண்டு.

2013 ஜனவரியில் ஜப்பானையே உலுக்கிய செய்தி ஒன்று வெளியானது. தேசிய மட்டத்தைச் சேர்ந்த 15 ஜூடோ வீராங்கனைகள், பயிற்றுவிப்பாளர்கள் தம்மை அடித்தும் இழிவாகப் பேசியும் நடத்தியதாக ஜப்பானிய ஒலிம்பிக் குழுவிடம் முறையிட்டிருந்தனர். மரியாதைக்குப் பேர்போன ஒரு கலையில், அக்கலை பிறந்த நாட்டில் இது நடந்தது. தேசிய மகளிர் அணியின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதவி விலகினார். அதே ஆண்டில் ஜூடோ சம்மேளனத்தின் தலைவரும் விலக நேர்ந்தது. அந்தப் பதினைந்து பேரும் தம் ஆசிரியர்களை அவமதித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அமானிதம் மீறப்பட்டதும் அவர்கள் தட்டினார்கள். பிடியை விட வேண்டியது மறுபக்கத்தின் கடமை.

மற்றுமொரு பெண்ணின் வாழ்க்கையும் இங்கே சொல்லத்தக்கது. கானோவின் ஆசிரியர்களுள் ஒருவரின் பேத்தி கெய்கோ ஃபுகுதா. 1913 இல் பிறந்த இவர் ஐந்தடிக்கும் குறைவான உயரம் கொண்டவர். கானோவிடமே ஜூடோ கற்றார். பெண்களுக்கு 5வது டானுக்கு மேல் தரம் வழங்கப்படாத காலம் அது. திறமை இருந்தும் நீண்ட காலம் அதே தரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டார். அவர் கலையை விட்டுப் போகவுமில்லை, அந்த நிலையைச் சரியென்று ஏற்றுக்கொள்ளவுமில்லை. அவருக்காகக் குரல்கள் எழுந்தன. 1972 இல் 6வது டான் கிடைத்தது. 2006 இல் கொடோகான் அவருக்கு 9வது டானை வழங்கியது. 2011 இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு 10வது டானை அளித்தது. முதுமையிலும் அவர் கற்பிப்பதை நிறுத்தவில்லை. ஆசிரியரை மதிப்பதும் அநீதியை எடுத்துச் சொல்வதும் ஒரே மனதில் இருக்கலாம் என்பதற்கு அவர் உதாரணம்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் உம்மாவோ வாப்பாவோ நேரில் போய் ஒரு வகுப்பு முழுவதையும் பாருங்கள். பெற்றோர் பார்ப்பதை விரும்பாத வகுப்பு என்றால் அங்கேயே யோசியுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா, இல்லாவிட்டால் பிடிகளைத் திருத்திக் காட்டுவது யார் என்று கேளுங்கள். புதிய பிள்ளைக்கு முதலில் விழக் கற்றுத்தருகிறார்களா என்று கவனியுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையைத் தொடர்ந்து பழக விடுகிறார்களா, உட்கார வைத்து வீட்டுக்கு அறிவிக்கிறார்களா என்று விசாரியுங்கள். "எனக்கு நோகிறது" என்று ஒரு பிள்ளை சொன்னதும் ஆசிரியரின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களை விட அந்த முகம் அதிகம் சொல்லும்.

பயிலும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டியின் நிறம் மாறுவது மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் வகுப்பிலேயே சிறியவள், பயந்தவள், புதிதாக வந்தவள் யாரோ, அவள் உங்களோடு சோடி சேர விரும்புகிறாளா என்று பாருங்கள். விரும்புகிறாள் என்றால் நீங்கள் ரெய் என்பதைக் கற்றுவிட்டீர்கள். அவள் தயங்கினால், உங்கள் அடி எவ்வளவு அழகாக இருந்தாலும் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

நானும் பிறரும் சேர்ந்து உயர்வது என்று கானோ சொன்னதன் பொருள் இதுதான். எனக்கு எதிரில் நிற்க ஒருத்தி இல்லாவிட்டால் நான் எதையும் கற்க முடியாது. அவள் காயப்பட்டு வீட்டில் இருந்தால் என் பயிற்சியும் நின்றுவிடும். அவள் பலம் பெற்றால்தான் என் பலமும் வளரும். ஆகவே அவளை முழுமையாக, சிரித்த முகத்தோடு, அவளது வீட்டாரிடம் திருப்பி அனுப்புவதுதான் ஒவ்வொரு நாளும் பயிற்சி முடியும்போது நாம் நிறைவேற்ற வேண்டிய அமானிதம்.